கார் பைத்தியம் புடிச்சவங்க தினசரிக்கு எதை எடுக்குறாங்க?

கேள்வி: அண்ணே வணக்கம். வயசு 29, மதுரை திருநகர்ல வீடு, மாட்டுத்தாவணி பக்கம் ஆபீஸ். இதுவரைக்கும் பைக்குதான், இதான் எங்க வீட்டுக்கு முதல் கார். வீட்டுல அப்பா, அம்மா, மனைவி, நாலு வயசுப் பொண்ணு. அம்மாவுக்கு முட்டி வலி. மாசத்துல ஒரு தடவை போடிக்கு மாமனார் வீட்டுக்குப் போவோம். எனக்கு சின்னப் பிள்ளையிலருந்து கார்னா பைத்தியம். கையில 8 லட்சம் இருக்கு. 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் ஃபிகோ டீசல் எடுன்றாங்க, அப்பா புது ஸ்விஃப்ட் இல்லன்னா வேகன் ஆர்ங்கிறாரு. நெசமாவே கார் மேல ஆசை உள்ளவங்க தினசரி ஓட்ட எதைத்தான் எடுக்குறாங்க, ஏன்? எடுத்தப்புறம் ரீமேப், எக்ஸாஸ்ட் பண்ணலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன், இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்திப் பவர் ஏத்துற ரீமேப்பும் வேணாம், சைலன்சரை மாத்துற எக்ஸாஸ்ட் வேலையும் வேணாம், ஏன்னு பின்னாடி வர்றேன்.

கார் பைத்தியங்க தினசரிக்கு என்ன வச்சிருக்காங்கன்னு எங்க ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு பாத்தீங்கன்னா உங்களுக்குக் கொஞ்சம் சப்புன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில சிறுமலை ஏறி 18 கொண்டை ஊசியும் சுத்திட்டு வர்ற ஆளு, திங்கக்கிழமை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறது ஒரு ஸ்விஃப்ட்டு, இல்ல ஒரு பழைய ஹோண்டா சிட்டி 1.5, இல்ல ஃபிகோ, ஒண்ணு ரெண்டு பேரு இன்னமும் பிடிவாதமா ஃபியட் புண்டோ. இதுல எதுவும் நின்னு திரும்பிப் பாக்குற வண்டி இல்ல. ஆனா அவங்களை நிறுத்தி ஏன் இதுன்னு கேட்டா எல்லாரும் வேற வேற வார்த்தையில ஒரே விஷயத்தைத்தான் சொல்வாங்க, மூணாவது கியர்ல 40ல போகும்போது நல்லா இருக்குன்னு.

நான் உங்களுக்குச் சொல்ல வர்றதும் அதேதான். காரை 120ல எடை போடாதீங்க, 40ல போடுங்க. ஏன்னா உங்க ரோட்டைப் பாருங்க. திருநகர்லருந்து கிளம்பி பசுமலை, பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் தாண்டி மாட்டுத்தாவணி போகணும், இதுல எங்க நீங்க நாலாவது கியர் போடுவீங்க சொல்லுங்க? ஷேர் ஆட்டோக்காரர் கைகூட காட்டாம ஓரங்கட்டுவாரு, டவுன் பஸ்ஸு ஸ்டாப்ல நிக்காம நடு ரோட்டுல நிக்கும், குறுக்கால ஒரு மாடு, அதுக்குப் பின்னாடி மூணு பேரு ஏறின பைக்கு. ரெண்டு, மூணு, திரும்ப ரெண்டு, ஒண்ணு, அவ்வளவுதான் உங்க தினசரி வாழ்க்கை. ரிங் ரோடு சுத்திப் போனாலும் ஆபீஸ் நேரத்துல பெருசா ஒண்ணும் மிஞ்சாது. அந்த ரெண்டு மூணு கியருக்குள்ள எந்த வண்டி உங்களுக்கு சந்தோஷம் குடுக்குதோ அதுதான் உங்க கார். 150 குதிரை இருந்தாலும் பெரியார் பஸ் ஸ்டாண்டு முன்னாடி அதுல நூறுக்கு மேல கட்டித்தான் கிடக்கும்.

இப்ப போலோ விஷயத்துக்கு வருவோம், உங்க மனசு அங்கதான் இருக்குன்னு தெரியுது. நல்ல வண்டி, அதுல எனக்கு மறு பேச்சு இல்ல. 2010ல இங்க வந்து 2022ல நிறுத்துற வரைக்கும் 12 வருசம் ஏறக்குறைய ஒரே உடம்போட ஓடினது, இன்னிக்கும் கதவைச் சாத்துற சத்தத்துக்கே காசு குடுக்க ஆள் இருக்கு. நீங்க பாத்து வச்சிருக்கிற ஜிடி டிஎஸ்ஐ 2013ல வந்தது, 1.2 டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவை, கூட 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். அந்த 1.2 ஜிடியில மேனுவலே வரல, அதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா பிரச்சினையே அந்த கியர்பாக்ஸ்லதான் இருக்கு.

டிஎஸ்ஜின்னா உள்ளுக்குள்ள ரெண்டு கிளட்ச். ஒண்ணு இப்ப ஓடுற கியரைப் புடிச்சிருக்கும், இன்னொண்ணு அடுத்த கியரை ரெடியா வச்சிருக்கும், அதனாலதான் கியர் மாறுறதே தெரியாது, பைபாஸ்ல ஓவர்டேக் எடுக்கும்போது அவ்வளவு சுகம். ஆனா இந்த 7 ஸ்பீடுல இருக்கிறது ட்ரை கிளட்ச், ஆயில்ல முங்கிக் கிடக்காது, காத்துலதான் சூடு ஆறணும். ஊர்ந்து ஊர்ந்து போற டிராஃபிக்ல கம்ப்யூட்டர் அந்தக் கிளட்சை பாதி புடிச்சு பாதி விட்டு பாதி புடிச்சுன்னு வச்சிருக்கும், நாம மேனுவல்ல மேட்டுல ஹாஃப் கிளட்ச்ல நிப்போம்ல, அது மாதிரி. மே மாசம் கத்திரி வெயில்ல, கோரிப்பாளையம் சிக்னல்ல, ஏசி ஓடிட்டு இருக்கும்போது அது என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க. கிளட்ச் செட்டும், அதை இயக்குற மெக்கட்ரானிக்ஸ்னு ஒரு யூனிட்டும் போச்சுன்னா செலவு லட்சத்தை எட்டிப் பாக்கும், 2016 வண்டிக்கு வாரண்டியெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும். இந்த வண்டியை வச்சிருக்கிற விவரமானவங்க டிராஃபிக்ல ஊர விடமாட்டாங்க, முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு நின்னு அப்புறம் ஒரே மூச்சா நகருவாங்க. நம்மூர்ல நீங்க முன்னாடி இடம் விட்டா அதுல ரெண்டு பைக்கு வந்து நிக்கும்.

டர்போ பத்தியும் ஒண்ணு சொல்லணும். டர்போன்னா இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்தைத் திணிக்கிற விசிறி, எக்ஸாஸ்ட்ல போற புகை தள்ளுனாத்தான் அது சுத்தும், புகை வேகமா போகணும்னா இன்ஜின் கொஞ்சமாச்சும் சுத்தணும். ஏறக்குறைய 1500, 1700 ஆர்பிஎம்முக்குக் கீழ சின்ன டர்போ இன்ஜின் தூங்கு மூஞ்சிதான், அதுக்கு மேல போனா திடீர்னு எழுந்திரிச்சு இழுக்கும். பைபாஸ்ல அந்த இழுவைதான் போதை, ஆனா சிம்மக்கல் சந்துல பைய நகரும்போது அது உங்களுக்கு எதிரி. ஆக்சிலேட்டரை மிதிப்பீங்க, ஒண்ணும் நடக்காது, இன்னும் கொஞ்சம் மிதிப்பீங்க, முன்னாடி இருக்கிற ஆட்டோ மேல பாயும். டர்போ இல்லாத சின்ன இன்ஜின்ல இந்த இழுவை கிடையாது, ஆனா நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்களோ அவ்வளவுதான், கூடவும் இல்ல குறையவும் இல்ல. டவுனுக்குள்ள அந்த நேர்மைதான் சுகம்.

அதுக்காக போலோவே வேணாம்னு சொல்லல. 2020ல பிஎஸ்6னு புதுப் புகை விதி வந்தப்ப 1.2 டர்போவை எடுத்துட்டு 1.0 லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ போட்டாங்க, 110 பிஎஸ், அதே 175 நியூட்டன் மீட்டர். அதுல 6 ஸ்பீடு மேனுவலும் வந்துச்சு, ஆட்டோமேட்டிக்கும் டிஎஸ்ஜி இல்லாம டார்க் கன்வெர்ட்டர்னு பழைய மாடல் நம்பிக்கையான பாக்ஸ். 2020 டு 2022க்குள்ள ஒரு 1.0 மேனுவல், சர்வீஸ் ரெக்கார்டோட, அடிபடாம கிடைச்சா அது நல்ல சாய்ஸ். சுலபத்துல கிடைக்காது, வச்சிருக்கவங்க விக்க மாட்டேங்கிறாங்க, விக்கிறவங்க சொல்ற விலையைக் கேட்டா புதுசே எடுத்துரலாம் போலருக்கும்.

ஃபிகோ டீசல். உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது தப்பில்ல, 2015ல வந்த அந்த 1.5 டீசல் 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர், அவ்வளவு சின்ன வண்டியில அவ்வளவு இழுவை அந்த விலைக்கு வேற யாரும் குடுக்கல. உசிலம்பட்டி தாண்டி தேனி ரோட்டுல ரெண்டு வழிப்பாதையில லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது இந்த இழுவையோட அருமை தெரியும், முக்கா செகண்டுல முடிஞ்ச மாதிரி இருக்கும். அடிப்பாகம் 174 மில்லிமீட்டர் உசரம், ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்காது. பிஎஸ்4 வண்டிங்கிறதால டீசல்ல இப்ப எல்லாரையும் படுத்துற அந்த டிபிஎஃப் ஃபில்டர் தொல்லையும் இல்ல. பிஎஸ்6 டீசல் எதையாவது யாராச்சும் உங்களுக்குக் காட்டினா நேரா கும்பிட்டு வந்துருங்க, உங்க ஓட்டத்துக்கு அது ஆகாது. அந்த ஃபில்டர்ல சேர்ற புகைக்கரி எரியணும்னா வண்டி பைபாஸ்ல ஒரே சீரா கொஞ்ச நேரம் சூடா ஓடணும், தினமும் டவுனுக்குள்ள உருட்டிட்டு மாசத்துல ஒரு தடவை போடி போனா அது அடைச்சுக்கிட்டு லைட்டு எரிஞ்சு நிக்கும்.

ஆனா ஃபிகோவுல ஒரு சங்கடம், ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல வண்டி தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சிருச்சு. நம்ம மறைமலை நகர் ஃபேக்டரிதான் 2010ல முதல் ஃபிகோவைப் போட்டது, கேக்கவே வருத்தமாத்தான் இருந்துச்சு. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச், புஷ்ஷு, இந்த மாதிரி தேயுற சாமானுக்கு இன்னிக்கும் கவலை இல்ல. ஒரு ஹெட்லைட்டு உடைஞ்சா, ஒரு கதவு நசுங்குனா, அப்பத்தான் அங்கிட்டும் இங்கிட்டும் போன் போட்டுத் தேடணும். ரெண்டாவது வண்டி வீட்டுல இருந்தா தேடுற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். உங்க வீட்டுல இருக்கப் போறது ஒரே கார். கார் பைத்தியங்க சொல்ற அறிவுரையில இந்த ஒரு விஷயம் எப்பவும் விட்டுப்போகும், அவங்க கராஜ்ல இன்னொண்ணு நிக்கிறதை சொல்ல மாட்டாங்க.

இங்க ஒரு சின்ன விஷயம், நீங்க பைத்தியம்னு சொன்னதால சொல்றேன், வேலைக்காகாது ஆனா கேட்டுக்கோங்க. பழைய புண்டோ, முதல் ஃபிகோ, ஃபியஸ்டா 1.6 இதையெல்லாம் ஏன் விடாம வச்சிருக்காங்கன்னா ஹைட்ராலிக் ஸ்டியரிங். ஆயில் பம்பு வச்சு உதவுற ஸ்டியரிங்ல டயருக்குக் கீழ தார் எப்படி இருக்கு, மணல் எங்க கிடக்குன்னு கைக்குத் தெரியும். இப்ப வர்ற வண்டி ஏறக்குறைய பூராம் மோட்டார் வச்ச எலக்ட்ரிக் ஸ்டியரிங், லேசா இருக்கும், மைலேஜுக்கு நல்லது, பார்க்கிங்ல ஒரு விரல்ல சுத்தலாம், ஆனா ரோடு எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரி இருக்கும். அந்தப் புண்டோவுல இருந்த 1.3 மல்டிஜெட் டீசலும் சாதாரண இன்ஜின் இல்ல. ஃபியட் போட்டது, மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகான்னு ஓடுச்சு, டாடா விஸ்டா, மான்சாவுல ஓடுச்சு, இந்தியாவோட நேஷனல் இன்ஜின்னே பேரு வாங்குச்சு, 2020ல பிஎஸ்6 வந்ததும் கதை முடிஞ்சுது. இத்தனை கம்பெனி வண்டியில ஓடினதாலதான் ஃபியட் ஷோரூமே இல்லாமப் போனப்புறமும் புண்டோ இன்ஜினுக்கு சாமான் கிடைக்குது. தினசரி வண்டிக்கு இந்த மாதிரி கணக்கும் பாக்கணும்.

வெளிநாட்டுல எப்படின்னு கேப்பீங்க. ஐரோப்பாவுல 1976ல கோல்ஃப் ஜிடிஐ வந்ததிலருந்தே கணக்கு ஒண்ணுதான், பிள்ளையை ஸ்கூல்ல விடுறதுக்கும் மலை ரோட்டுல ஓட்டுறதுக்கும் ஒரே வண்டி, பின்னாடி டிக்கி, உள்ள நல்ல இன்ஜின். அந்த கோல்ஃப் 2025ல இங்கயும் வந்துச்சு, வந்தப்பவே ஷோரூம் விலை 53 லட்சம், அதை நாம போஸ்டர்ல பாத்துக்கலாம். மஸ்தா எம்எக்ஸ்-5ன்னு ஒரு ரெண்டு சீட்டு வண்டி 1989லருந்து வருது, பெருசா குதிரைப்பவர் கிடையாது, எடை ஒரு டன் பக்கம், உலகம் பூராம் அதைக் கொண்டாடுறாங்க. எடை கம்மியா இருந்தா பிரேக்குக்கும் டயருக்கும் வேலை கம்மி, வளைவுல திருப்புனா உடனே திரும்பும், 40லயே ஓட்டுற மாதிரி ஓட்டலாம். நம்மூர்ல அந்த எடைக் கணக்குக்குக் கிட்ட வர்ற வண்டி எதுன்னா, சிரிக்காதீங்க, உங்க அப்பா சொன்னதுதான்.

ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் கம்மி. 2005லருந்து இங்க ஓடுது, நாலாவது தலைமுறை 2024 மே மாசம் வந்துச்சு. இதுல பைத்தியங்களுக்குள்ள ஒரு சண்டை உண்டு. 2021லருந்து 2024 வரைக்கும் இருந்த ஸ்விஃப்ட்ல நாலு சிலிண்டர் 1.2, 90 பிஎஸ், பட்டு மாதிரி சுத்தும். புதுசுல மூணு சிலிண்டர், 82 பிஎஸ், சிக்னல்ல நிக்கும்போது சீட்டுக்கு அடியில லேசா ஒரு நடுக்கம் தெரியும், மேல போய் விரட்டுனா பழசோட ஆர்வம் இருக்காது. ஆனா கீழ, நான் சொன்ன அந்த ரெண்டு மூணு கியர்ல, புதுசு மோசமில்ல, மைலேஜும் கூட, கம்பெனிக் கணக்குல மேனுவலுக்கு 24.8, நம்ம டிராஃபிக்ல அதை எதிர்பாக்காதீங்க. இன்ஜின் மட்டும் பாத்தா நான் பழைய நாலு சிலிண்டரைத்தான் எடுப்பேன். ஆனா அந்தப் பழைய ஸ்விஃப்ட்டை 2022ல குளோபல் என்கேப்னு காரோட பாதுகாப்பைச் சோதிக்கிற அமைப்பு மோதிப் பாத்தப்ப ஒரு ஸ்டார்தான் வாங்குச்சு, ரெண்டே ஏர்பேக். புதுசுல எல்லா வேரியன்ட்லயும் 6 ஏர்பேக், வண்டி வழுக்கிச் சுத்தாம பாத்துக்கிற ஈஎஸ்பி, பின்னாடி நடு சீட்டுக்கும் சேத்து மூணு பாயிண்ட் பெல்ட் வருது. நாலு வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு ராத்திரியில உசிலம்பட்டி ரோட்டுல வரப் போற ஆளுகிட்ட நான் இன்ஜின் பட்டு மாதிரி இருக்குன்னு பேசிட்டு இருக்கக் கூடாது. போலோ 2014ல ரெண்டு ஏர்பேக்கோட 4 ஸ்டார் வாங்கின வண்டி, அந்த ஒரு காரணத்துக்காகவும்தான் மேல அதை ஒரேயடியா வேணாம்னு சொல்லாம வச்சேன்.

விலையும் இப்ப உங்க பக்கம் இருக்கு. 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500க்குள்ள இருந்தா சின்ன கார்னு வரியில சலுகை 2006 பட்ஜெட்லருந்தே இருக்கு, நம்மூர்ல இத்தனை 1.2 இன்ஜின் சுத்துறதுக்கும் ஒரு லிட்டர் டர்போ இத்தனை வந்ததுக்கும் அதான் காரணம். 2025 செப்டம்பர் 22லருந்து அந்த சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினா 40. அதனால ஸ்விஃப்ட் விலை இறங்கியிருக்கு, நம்ம தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், இன்சூரன்ஸ் எல்லாம் போட்டாலும் நடு வேரியன்ட் மேனுவல் உங்க 8 லட்சத்தை ஒட்டி வந்து நிக்கும். அக்சஸரீஸ் பேக்கேஜ்னு ஷோரூம்ல ஒரு பேப்பரை நீட்டுவாங்க, அதை மடிச்சு அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

ஆக என் ஓட்டு புது ஸ்விஃப்ட் மேனுவலுக்கு. 1.0 மேனுவல் போலோ சுத்தமா, சர்வீஸ் பில்லோட, உங்க விலைக்குள்ள வந்தா அது. 2016 ஜிடி, மனசு கேக்காதுன்னு தெரியும், விட்டுருங்க.

அம்மா முட்டி பத்தி எழுதியிருந்தீங்க. அது நெறய பேரு கடைசியா யோசிக்கிற விஷயம், எடுத்து ஒரு வாரத்துல வீட்டுல சண்டை வர்ற விஷயம். ஸ்விஃப்ட், போலோ ரெண்டுலயும் சீட்டு தாழ்வு, உக்காரும்போது இறங்கணும் எந்திரிக்கும்போது ஏறணும். வேகன் ஆர் இதுல ராஜா, அப்பா அம்மாவை நினைச்சுத்தான் சொல்லியிருப்பாரு. இன்னொண்ணு இக்னிஸ் இருக்கு, யாரும் கண்டுக்காத வண்டி, எனக்குப் புடிச்ச வண்டி, 1.2 நாலு சிலிண்டர் 83 பிஎஸ், எடை ரொம்பக் கம்மி, அடிப்பாகம் 180 மில்லிமீட்டர், 4.7 மீட்டர் ஆரத்துல வட்டம் போடும், மாசி வீதிக்குள்ள அதை விட்டா வேற வண்டி பாக்க மாட்டீங்க. டவுனுக்குள்ள மட்டும்தான் ஓட்டுவேன்னு எழுதியிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனா அதுவும் 2022ல ஒரு ஸ்டார், போடி ரோடு குறுக்க வருது. அதனால ஷோரூமுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு, முதல்ல பக்கவாட்டுல உக்காந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுக்கச் சொல்லுங்க. மூணு தடவை ஏறி இறங்கட்டும். அவங்க முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுரும், வலிக்கலன்னு வாயில சொல்றதை நம்பாதீங்க.

டெஸ்ட் டிரைவ் எப்படிப் பண்ணணும்னா, சேல்ஸ்மேன் உங்களை நத்தம் ரோடு பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு, ஏழு கிலோமீட்டர் சொச்சம் சும்மா வழுக்கிட்டுப் போகும், அங்க எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். வேணாம்னு சொல்லிட்டு சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டியைக் கேளுங்க, உங்க வீட்டு ஆளுங்களை ஏத்திக்கோங்க, ஏசியைப் போடுங்க, டவுனுக்குள்ள விடுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினதும் ரெண்டாவது கியர்லயே கிளட்ச் மிதிக்காம திணறாம இழுக்குதான்னு பாருங்க, மூணாவதுல 30லருந்து 50 வரைக்கும் பைய மிதிச்சு ஏத்திப் பாருங்க, கிளட்ச் எந்த இடத்துல புடிக்குதுன்னு உங்க காலுக்குத் தெளிவா தெரியணும், நாப்பது நிமிசம் கழிச்சு இடது முட்டி ஏதாவது சொல்லுதான்னு கவனிங்க. முக்கியமா முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தூணு, ஏ பில்லர்ம்பாங்க, ரைட்டுல திரும்பும்போது அது ஒரு முழு பைக்கை மறைக்குதான்னு பாருங்க. புது வண்டியில பாதுகாப்புக்காக அந்தத் தூணைத் தடியா போடுறாங்க, நம்மூர்ல பைக்கு எந்தப் பக்கத்துலருந்து வேணா வரும், தலையைக் கொஞ்சம் முன்ன பின்ன ஆட்டிப் பாத்துத் திரும்புறதைப் பழக்கமாக்கிக்கோங்க.

ரீமேப், எக்ஸாஸ்ட். புது வண்டியில ரீமேப் பண்ணா வாரண்டி போச்சு, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல புடிப்பான். டர்போ இல்லாத 1.2ல ரீமேப் பண்ணி கிடைக்கிறது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எக்ஸாஸ்ட் மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்குள்ள வருது, கம்பெனி குடுத்ததை மாத்தக் கூடாது, அவ்வளவுதான், அதுவும் திருநகர்ல காலையில ஏழு மணிக்கு ஸ்டார்ட் பண்ணப் போறீங்க, பக்கத்து வீட்டுக்காரரை நினைச்சுப் பாருங்க. கண்ணாடியில கறுப்பு ஃபிலிமும் 2012லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டது, ஒட்டித் தர்றேன்னு எவனாச்சும் சொன்னா ஒட்டிக்காதீங்க. 17 இஞ்ச் அலாய் போட்டு டயரை ஒல்லியாக்குற வேலையும் வேணாம், ஒரு பள்ளத்துல டயர் சைடு வெட்டிக்கும், ரிம் வளையும், ஸ்டியரிங் கனக்கும். கை அரிச்சா நல்ல டயர் வாங்குங்க, கம்பெனி சைஸ்லயே. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அலைன்மென்ட் பாருங்க, காத்து வாரா வாரம் பாருங்க. மிச்சக் காசுல பொண்ணுக்கு ஐசோஃபிக்ஸ்னு கார் சீட்டுக் கொக்கியில மாட்டுற சைல்டு சீட்டு வாங்கி பின்னாடி மாட்டுங்க, அவ அழுதாலும் சரி.

பழைய போலோதான்னு முடிவு பண்ணா இதை மட்டும் படிச்சுட்டுப் போங்க. மதுரையில விக்கிற பழைய வண்டி எல்லாம் மதுரை வண்டி இல்ல, டிஎன் 58, 59, 64 நம்பர் இருந்தாலும்கூட நடுவுல எங்க ஓடுச்சுன்னு தெரியாது. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம், 2023 டிசம்பர்ல திரும்பச் சென்னை, அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி. தண்ணியில முங்கின வண்டியைக் கழுவி பாலிஷ் போட்டு நிறுத்துனா வெளியே ஒண்ணும் தெரியாது. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் உருவி இழுங்க, அடிப்பக்கத்துல மண்ணு கோடு போட்ட மாதிரி கறை இருந்தா கிளம்பி வந்துருங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளத்துல துரு, கார்ப்பெட்டுக்குக் கீழ கையை விட்டா ஈர வாடை, ஸ்டெப்னி குழியில வண்டல், ஹெட்லைட்டுக்குள்ள ஆவி, இதெல்லாம் பாருங்க. காலையில அவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போங்க, இன்ஜின் மேல கையை வச்சு சில்லுன்னு இருக்கான்னு பாத்துட்டு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, சூடா இருந்தா அவர் எதையோ மறைக்கிறாரு. எல்லாக் கண்ணாடியிலயும் வருசக் குறி இருக்கும், ஒண்ணு மட்டும் வேற வருசமா இருந்தா அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கான்னு கேளுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம், 20 ஆயிரம்தான் ஓடியிருக்குன்னு சொல்ற வண்டியில நாலு டயரும் புதுசா இருந்தா கணக்கு உதைக்குது. 2023 ஏப்ரலுக்கு முந்தின பெட்ரோல் வண்டிங்க இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனசுல வச்சு செஞ்சது இல்ல, எத்தனால்ல சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் ஹோஸு, ஃபியூயல் பம்பு ரெண்டையும் லிஃப்ட்ல ஏத்தும்போது சேத்துப் பாக்கச் சொல்லுங்க, மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்த வண்டின்னா ரொம்பவே பாருங்க.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஆர்சியில எத்தனாவது ஓனர், லோன் குறிப்பு இருக்கான்னு பாருங்க. லோன் இருந்தா பேங்க்ல என்ஓசியும் லோன் குறிப்பை நீக்குற ஃபார்ம் 35ம் வாங்காம ஒரு ரூபா குடுக்காதீங்க, ஓனர் பேரு மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து அன்னிக்கே வாங்கிருங்க, பின்னாடி தர்றேன்னா வேணாம். வண்டியை ஸ்கேனர் போட்டு லிஃப்ட்ல ஏத்திப் பாக்கணும்னா எங்கயும் கொண்டு போங்க, எங்ககிட்டதான்னு இல்ல, ஆனா விக்கிறவர் அதுக்கு ஒத்துக்கலன்னா பேச்சை அதோட முடிச்சுக்கோங்க. எங்ககிட்ட வந்தா சனிக்கிழமை மட்டும் வராதீங்க, அன்னிக்கு பூராம் வெளியூர் போற வண்டி வரிசை கட்டி நிக்கும், நின்னு பாத்துச் சொல்ல நேரம் இருக்காது.